இறங்கும் பாதையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் மதுரைக்காரர், வயது 57, அடுத்த ஆண்டு ஓய்வு. பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டார்கள். சித்திரை, வைகாசி வெயில் இனி உடம்புக்கு ஒத்துவராது. கொடைக்கானலில் இடத்தின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், வெளிநாட்டு மலையூர் எதிலாவது குடியேறலாமா என்று யோசிக்கிறீர்கள். மனதில் இருப்பவை இரண்டு: இலங்கையின் நுவரெலியா, மலேசியாவின் கேமரன் மலை. டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம் போய்ப் பார்த்தால் முடிவெடுக்க முடியுமா, போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வாரம் போதாது. டிசம்பரும் வேண்டாம், விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே எந்த மலையூரும் தன் உண்மை முகத்தைக் காட்டாது. போனால் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஏரியோ தேயிலைத் தோட்டமோ இல்லை. அந்த ஊரிலிருந்து கீழே இறங்கும் சாலை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு வந்த அதே ஆசை எனக்கும் வந்தது. 2023 பிப்ரவரியில் நானும் மனைவியும் ஆறு நாள் நுவரெலியா போனோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கொடைக்கானல் போய்ச் சேரும் நேரத்தில் கால் பங்கு. ஆனால் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் இறங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. அங்கிருந்து மேலே ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். அந்த முறை அது பெரிதாகத் தெரியவில்லை. நீல வானம், இருபது டிகிரி வெயில், கிரகரி ஏரியோரம் நடை, ஹக்கலைத் தோட்டத்தில் பூக்கள், சீதா எலியாவில் கோயில். "இங்கயே இருந்திரலாங்க" என்று மனைவி சொன்னாள். ஐந்தாம் நாள் நான் வாடகை வீடு விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு வீட்டைக் காட்டியவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, மாசியில வந்து பொண்ணு பார்த்துட்டு முடிவு சொல்லாதீங்க. ஆடியில ஒருக்கா வந்து இருந்து பாருங்க. அப்பயும் புடிச்சிருந்தா சாவி தர்றேன்." வாடகை வருவதைத் தள்ளிப்போடுகிற வீட்டுக்காரரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

2024 ஜூலையில் அவர் வீட்டிலேயே 24 நாள் இருந்தோம். அது வேறு ஊர். தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை இழுக்கும். நம் ஊர் மழை போல அடித்துவிட்டு ஓய்வதில்லை. சல்லடையில் சலித்த மாதிரி நாள் முழுக்கத் தூறுகிறது. பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி எதிர்வீடு மறைந்துவிடும். நான்காம் நாள் துண்டில் வாடை வந்தது. உப்பு டப்பாவுக்குள் தண்ணீர் கோத்தது. தீப்பெட்டி நமுத்துப்போய் குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது. என் மூக்குக்கண்ணாடி உறையில் வெள்ளையாகப் பூஞ்சை. மதுரை மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் வேட்டி அங்கே மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈரம் போகவில்லை. கடைசியில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டினோம்.

எந்த வீட்டைப் பார்த்தாலும் பீரோவைத் தள்ளிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பிப்ரவரியில் நாங்கள் பார்த்த அதே படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிய கறை இருந்தது. சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தாலும் விரலால் சுரண்டினால் உதிரும். செருப்பு வைக்கிற அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், கூச்சம் வேண்டாம். வீட்டின் எந்தப் பக்கம் வெயில் படுகிறது, எத்தனை மணிக்கு எதிர் மலை சூரியனை மறைக்கிறது என்று பாருங்கள். கிழக்குச் சரிவில் இருக்கிற வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் பத்து நிமிட நடை தூரம்தான், வாழ்க்கை முழுக்க வேறு. அப்புறம் படிகள். சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு 47 படிகள். முதல் நாள் நான் எண்ணவில்லை. சமையல் எரிவாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் பாதியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் எண்ணினேன். அங்கே வீட்டு சிலிண்டர் 12.5 கிலோ, நம்முடையது 14.2. வித்தியாசம் உண்டுதான், என் முட்டிக்கு அது போதாது.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

பதினோராம் நாள் எனக்குப் பல் வலி. கண்டிக்குப் போய்ப் பார்க்கலாம், ஊரையும் சுற்றியதுபோல் ஆகும் என்று கிளம்பினோம். 77 கிலோமீட்டர். மதுரையிலிருந்து இந்தத் தூரம் என்றால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விட்டு "டீ சாப்பிடலாமா" என்று கேட்போம். ரம்பொடை வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஓரிடத்தில் மண் சரிந்து பாதிச் சாலையை மூடியிருந்தது, ஒருபக்கமாக மாற்றி மாற்றி விட்டார்கள். கண்டி போய்ச் சேர மூன்றேகால் மணி நேரம். பல்லுக்கு அது பரவாயில்லை.

திரும்பும்போது மனைவி கேட்டாள், "இது பல்லா இல்லாம நெஞ்சா இருந்தா?" அதற்கப்புறம் நானோ அவளோ பேசவில்லை.

பக்கவாதம் வந்தால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தில் நமக்கு என்னவோ ஆகிறது என்று வீட்டில் உணர்வதற்கே அரை மணி போகும், வண்டி கிடைக்க அரை மணி, ஸ்கேன் எடுக்க முக்கால் மணி. மீதியில் மலை இறங்க எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே கழித்துப் பாருங்கள். மாரடைப்பிலும் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். நுவரெலியாவில் அரசின் மாவட்டப் பொது மருத்துவமனை இருக்கிறது, அவசரத்துக்கு முதல் சிகிச்சை கிடைக்கும். நம் 108 மாதிரி அங்கே 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2016இல் இந்திய நிதியுதவியோடு தொடங்கி, பின்னால் நாடு முழுக்க விரிந்த சேவை அது. ஆனால் ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் போக வேண்டும்.

இதை விசாரிக்க ஒரு வழி சொல்கிறேன். மருத்துவமனை வாசலில் போய் "இங்கே இதய மருத்துவர் உண்டா, சி.டி. ஸ்கேன் உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். கடைக்காரரிடம், ஆட்டோக்காரரிடம், பூசாரியிடம் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: "உங்க அம்மாவுக்கு முடியாமப் போனப்ப எங்க கூட்டிட்டுப் போனீங்க? எத்தன மணிக்குக் கிளம்பி எத்தன மணிக்குப் போனீங்க?" நான் ஏழு பேரிடம் கேட்டேன். ஆறு பேர் கண்டி என்றார்கள். ஏழாமவர் பதில் சொல்லாமல் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

கொடைக்கானலில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கேயும் பெரிய நோய் என்றால் மதுரைக்குத்தானே இறங்குகிறோம் என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் வத்தலக்குண்டு தாண்டிவிட்டால் நம் பெரியாஸ்பத்திரியின் வழி நமக்குத் தெரியும். அக்கா மகன் ஓடி வருவான், எந்த வார்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டில் இறங்கும் பாதையின் கடைசியில் நமக்கு ஆள் கிடையாது. இங்கே எடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பாலிசியில் எல்லை பற்றிய பக்கத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். அங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனை இலவசம், நம்மிடம் பணம் கேட்பார்கள். மாத்திரைகளின் வியாபாரப் பெயரை மட்டும் நம்பிப் போகாமல், உள்ளே இருக்கிற மருந்தின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே மருந்து அங்கே வேறு பெயரில் இருக்கும்.

நான் இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சாட்சி, 2025 நவம்பர் கடைசி வாரம். டிட்வா புயல் நம் கரைக்கு வருமா வராதா என்று இங்கே செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, அது இலங்கையின் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான நிலச்சரிவுகள். நாடு முழுக்க இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். மலை ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ரம்பொடை வழி, நானுஓயா தாண்டி ஹட்டன் வழி, வெலிமடை வழி என்று இறங்கச் சாலைகள் உண்டுதான். ஒரே மழையில் எல்லாப் பக்கமும் சரிந்தால் மூன்று வழி இருந்து என்ன பயன்? எங்களுக்கு வீடு கொடுத்தவரின் போன் ஐந்து நாள் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் எடுத்து, "நல்லா இருக்கோம் ஐயா, படியில பாதி போயிருச்சு" என்றார். அந்த 47 படிதான்.

ஆகவே அங்கே வீடு பார்க்கும்போது ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் போட்டு வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். நிலச்சரிவு அபாய மாவட்டங்களில் புதிதாகக் கட்ட இவர்களின் அனுமதிச் சான்று வேண்டும். மழைக்காலத்தில் மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுவார்கள். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். "இந்த வீட்டுக்குச் சான்று இருக்கிறதா, கடைசியாக எப்போது இங்கே சிவப்பு போட்டார்கள், அப்போது எங்கே போய்த் தங்கினீர்கள்" என்று கேளுங்கள். வீட்டுத் தரகர் முகம் சுளித்தால் அதுவே பாதி பதில். வீட்டுக்கு மேலே சரிவில் சாய்ந்து நிற்கிற மரங்கள், சுவரில் சாய்வாக ஓடும் விரிசல், மழை இல்லாத நாளில் புதிதாகக் கசியும் ஊற்று, இவற்றையும் கவனியுங்கள்.

இப்போது பணமும் காகிதமும். இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கையைப் பார்த்துவிட்டு வர, இணையத்திலேயே இ.டி.ஏ. என்ற பயண அனுமதி வாங்கினால் 30 நாள் தங்கலாம். குடியிருக்க என்றால், 55 வயது கடந்த வெளிநாட்டவருக்கென்று இலங்கை வைத்திருக்கும் 'மை ட்ரீம் ஹோம்' விசா. அங்கே வங்கியில் 15,000 அமெரிக்க டாலர் வைப்பு, அதற்கு மேல் மாதாமாதம் விண்ணப்பிப்பவருக்கு 1,500 டாலர், உடன் வரும் துணைக்கு 750 டாலர் வெளியிலிருந்து வர வேண்டும். இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள், பிறகு புதுப்பிக்கலாம். தம்பதிக்கு மாதம் 2,250 டாலர் என்றால் நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம். உங்கள் ஓய்வூதியம் அவ்வளவு வருமா என்று நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது வராது.

அனுப்புவதற்கு இங்கே தடையில்லை. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற முன்வரியாக வங்கி பிடித்து வைக்கும். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வரும், ஆனால் மாதச் செலவுக்கு வைத்த பணம் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். கணவன் மனைவி இருவரும் அவரவர் கணக்கிலிருந்து பிரித்து அனுப்பினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். அங்கே கணக்குத் தொடங்கிவிட்டு, வரி விஷயத்தில் இங்கேயே குடியிருப்பவராக இருந்தீர்கள் என்றால், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அதைக் காட்ட வேண்டும். பலர் மறக்கிற இடம் இது.

நிலம் வாங்கலாமா? வாங்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்கு நிலத்தை எழுதிக் கொடுக்க முடியாது. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். "என் பேர்ல வாங்கிப் போடுங்க சார், நமக்குள்ள என்ன" என்று சிரித்த முகத்தோடு சொல்பவர் ஒருவர் கட்டாயம் வருவார். எனக்கும் வந்தார், டீயும் வாங்கிக் கொடுத்தார். எழுந்து வந்துவிடுங்கள். உள்ளூரிலேயே பினாமியில் போட்ட பணம் திரும்பி வருவது பெரும்பாடு, கடல் தாண்டி எந்தக் கோர்ட்டுக்கு அலைவீர்கள்? குத்தகையும் வேண்டாம், முதல் இரண்டு ஆண்டு வாடகைதான். வாடகை வீடு என்றால் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம்.

2022ஐயும் நினைவில் வையுங்கள். அந்த மார்ச் வரை ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நம்மிடம் டாலர்தானே, லாபம்தானே என்று தோன்றும். பணம் இருந்து என்ன, பெட்ரோலும் எரிவாயுவும் இல்லை. மைல் கணக்கில் வரிசை. தட்டுப்பாடு என்று வந்தால் மலையேறி வர வேண்டிய பொருள் கடைசியில்தான் வந்து சேரும். இதுவும் அந்தச் சாலைக் கணக்கில் சேர்த்தி.

இத்தனையும் சொன்னாலும் நுவரெலியா என்னை இழுத்தது குளிருக்காக மட்டும் இல்லை. அங்கே காதில் விழுகிற தமிழ் யாழ்ப்பாணத் தமிழ் இல்லை, நம் பக்கத்துத் தமிழ். 2012 கணக்கெடுப்பில் அந்த மாவட்ட மக்களில் பாதிக்கும் மேல் தமிழர். மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போன தலைமுறை அது. வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் இன்று நீலகிரியிலும் இருக்கின்றன, நம் கொடைக்கானல் மலையிலும் இருக்கின்றன.

ஹாவாஎலிய பஸ் நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி, தலையில் கம்பளித் துண்டு, கையில் பாண் பொட்டலம், நம் ரொட்டியைத்தான் அங்கே பாண் என்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றேன். "எங்க தாத்தாவுக்கும் மருதப் பக்கந்தான். ஊரு பேரு மட்டும் தெரியல" என்றார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "எங்கள எல்லாம் போ போன்னாங்க. நீங்க தேடி வர்றீங்க" என்று சிரித்தார். கேலியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. கொழுந்து பறிப்பவரின் நாள் கூலியை ஆயிரம் ரூபாய் ஆக்க 2021 வரை போராட வேண்டியிருந்த ஊர் அது, இலங்கை ரூபாயில். அங்கே மாதம் ஆயிரக்கணக்கான டாலரோடு போய் இறங்கும்போது நம் அண்டைவீட்டார் யார், அவர்களோடு நமக்கு என்ன உறவு என்று யோசிக்காமல் இருக்க முடியாது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசையைப் பார்த்தபடி பால்கனியில் காப்பி குடிக்க உங்களால் முடியுமா என்பதையும் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன், காப்பித்தூள் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். பால் விஷயத்தில் அங்கே மாவுப்பால்தான் வழக்கம். நல்ல பாலுக்கு, பால்பண்ணை இருக்கிற அம்பேவெல பக்கம் ஆள் பிடிக்க வேண்டும்.

கேமரன் மலை பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும், அங்கே நான் போனது ஒரே முறை, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானத்தில், ஐந்து நாள். தானா ராத்தா 1,440 மீட்டர் உயரம். நுவரெலியாவின் 1,868 மீட்டரைவிடக் குளிர் மிதம், முட்டிவலிக்காரர்களுக்கு அதுவே நல்லது. சாலை அகலம், தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை. இறங்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு, தாப்பா பக்கம் ஒன்று, ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் வழியாக இன்னொன்று. ஈப்போ பெரிய நகரம், தமிழ் பேசும் டாக்டருக்குப் பஞ்சமில்லை. இறங்கும் பாதைக் கணக்கில் கேமரனுக்கே என் ஓட்டு. வாரக்கடைசியில் மட்டும் பிரிஞ்சாங் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சனிக்கிழமை நோய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மலை சும்மா இருப்பதில்லை. 2013 அக்டோபரில் கனமழையில் சுல்தான் அபுபக்கர் அணையைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளை வெள்ளம் அடித்துப்போய் உயிர்ச்சேதம் ஆனது. எனவே ரிங்லெட் பக்கம் வாடகை மலிவாகத் தெரிந்தால், அணைக்குக் கீழேயா மேலேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிப்பது விசாதான். வெளிநாட்டவர் நீண்ட காலம் குடியிருக்க மலேசியா வைத்திருக்கும் எம்.எம்.2எச். திட்டத்தை 2024இல் மாற்றி அமைத்தபோது, வழக்கமான மூன்று படிகளில் கீழ்ப்படியான சில்வருக்கே 1,50,000 டாலர் வைப்புத்தொகை, கூடவே குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டில் வீடு வாங்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அந்த வீட்டைப் பத்து ஆண்டுக்கு விற்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்தால் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் இருந்தால் கொடைக்கானலில் இடத்தின் விலை கேட்டு நீங்கள் மலைத்திருக்க மாட்டீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விமான டிக்கெட் போடும் முன் கொடைக்கானலில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், அதுவும் ஐப்பசி கார்த்திகையில். 2,100 மீட்டர், நுவரெலியாவைவிட உயரம். நம் வடகிழக்குப் பருவமழை அங்கே வெளுத்து வாங்கும் காலம். ஏரிக்கரை லாட்ஜில் தங்காமல் வில்பட்டி, அட்டுவம்பட்டி பக்கம் சாதாரண வீடு ஒன்றை மாத வாடகைக்குப் பிடியுங்கள். சமையல் நீங்களே, கடைக்குப் போவதும் நீங்களே. ஒரு சின்ன நோட்டில், அந்த முப்பது நாளில் எத்தனை முறை மதுரைக்கு இறங்கினீர்கள், எதற்காக என்று எழுதி வாருங்கள்.

ஜூலையில் நுவரெலியா போய்வந்த அதே 2024 நவம்பரில் நாங்கள் இதைச் செய்தோம். ஐந்து முறை இறங்கியிருக்கிறேன். ஒரு கல்யாணம், ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று, மறுபடி அதே பல், மனைவியின் சித்தி வீட்டுக் கேதம், ஐந்தாவதற்குக் காரணமே எழுதவில்லை. சும்மா வந்திருக்கிறேன் போல. கேதத்துக்கு அன்று காலை எட்டு மணிக்குப் போன் வந்தது, பன்னிரண்டரைக்கு செல்லூர் வீட்டில் இருந்தோம், எடுப்பதற்கு முன்னால் முகம் பார்த்தோம். நுவரெலியாவில் இருந்திருந்தால் அந்தச் செய்தி கேட்டுக் கிளம்பி, ஐந்து மணி நேரம் மலையிறங்கி, மறுநாள் விமானம் பிடித்து, பால் தெளிக்கிற நேரத்துக்குத்தான் வந்திருப்போம். மனைவி அன்று ராத்திரி மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் சொன்னாள்: "மாசக்கணக்குல வேணா போய் இருப்போம். வருசக்கணக்குல வேண்டாம்."

அப்படித்தான் இப்போது ஏற்பாடு. ஏப்ரலில் அங்கே புத்தாண்டு சீசன், வாடகை கூரையைத் தொடும், அதை விட்டுவிட்டு மே மாதத்தில் நான்கு வாரம் நுவரெலியாவில் அந்த வீட்டில் இருந்துவிட்டு வருகிறோம். அக்னி நட்சத்திரம் அங்கே கழிகிறது. 30 நாள் இ.டி.ஏ. போதும், வைப்புத்தொகை, டி.சி.எஸ். எந்தத் தலைவலியும் இல்லை. படிகளைத் திரும்பக் கட்டிவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார், இப்போது 52 ஆம்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். உங்களுக்கு இங்கே உறவு குறைவாக இருக்கலாம், உடம்பு என்னுடையதைவிட உறுதியாக இருக்கலாம். ஜூலையில் மூன்று வாரம் போய் இருந்துவிட்டு வந்து எழுதுங்கள். குடை மட்டும் இங்கிருந்து கொண்டு போகாதீர்கள். நம் ஊர்க் குடை அந்தக் காற்றில் இரண்டாம் நாளே மடங்கிவிடும், அங்கே கடைத்தெருவில் கனத்த கம்பிக் குடை விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.